மெக்குவாரி தீவுப் பென்குயின்களைக் காண வயதான பெற்றோரை அழைத்துச் செல்லலாமா?

கேள்வி: என் தாயாருக்கு 64 வயது, தந்தைக்கு 68 வயது. ஆயிரக்கணக்கான பென்குயின்கள் கூடி வாழும் ஏதாவது ஒரு தீவை வாழ்நாளில் ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது தாயாரின் நெடுநாள் ஆசை. தந்தைக்கு முழங்கால் வலி உண்டு. ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில், எக்ஸ்பெடிஷன் குரூஸ் எனப்படும் சிறிய கப்பல் பயணத்தில் சிங்கப்பூரிலிருந்து அவர்களை அழைத்துச் செல்லலாமா? அந்தச் செலவுக்குத் தகுமா, அல்லது இங்குள்ள மண்டாய்ப் பூங்காவில் பார்ப்பதே போதுமா?

பதில்:

தாராளமாக அழைத்துச் செல்லலாம், ஆனால் ஜூன் மாதத்தில் இயலாது. தென்கோளத்தில் அது கடுங்குளிர்காலம்; பகல் வெளிச்சம் சில மணி நேரமே இருக்கும், கடல் சீற்றமும் மிகும். அதனால் பயணக் கப்பல்கள் அந்தத் திசைக்கே செல்வதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடைக்காலமே ஏற்றது. நம் ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை இந்தக் காலத்துக்குள்ளேயே வந்துவிடுவதால், பிள்ளைகளின் படிப்பு கெடாமல் டிசம்பரில் போய் வர முடியும். ஆனால், இத்தகைய கப்பல்களில் இடங்கள் குறைவு. ஓராண்டுக்கு முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

எந்தத் தீவு என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. பென்குயின் தீவு என்றதும் பெரும்பாலோர் தென் அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு ஜார்ஜியாவைத்தான் சொல்வார்கள். ஈடு இணையற்ற இடம்தான் அது. ஆனால் நாம் தென்னமெரிக்கா வரை பறந்து, அங்கிருந்து இரண்டு மூன்று வாரங்கள் கப்பலில் கழிக்க வேண்டும். உங்கள் பெற்றோரின் வயதையும் புறப்படும் இடத்தையும் கருதி நான் பரிந்துரைப்பது மெக்குவாரி தீவு. டாஸ்மேனியாவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில், நியூசிலாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் இடைப்பட்ட கடலில், 34 கிலோமீட்டர் நீளமும் 5 கிலோமீட்டர் அளவு அகலமும் கொண்ட மெலிந்த நிலத்துண்டு அது. சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் நேரடியாகப் பறந்துவிடலாம். அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் நியூசிலாந்தின் தென்கோடிக்குச் சென்று கப்பல் ஏறலாம். பெரும்பாலான பயணங்கள் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். வழியில் ஸ்னேர்ஸ், ஆக்லாந்து, கேம்பெல் ஆகிய தீவுகளும் வரக்கூடும். தீவு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனிய மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால், கப்பல் நியூசிலாந்திலிருந்து புறப்பட்டாலும் இரண்டு நாடுகளின் பயண அனுமதி விதிகளையும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் என் மனைவியுடன் ஒரு டிசம்பரில் அந்தத் தீவுக்குச் சென்று வந்தேன். அந்த அனுபவத்தையும், முன்பும் பின்பும் படித்தறிந்தவற்றையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

மெக்குவாரியில் நான்கு வகைப் பென்குயின்கள் இனப்பெருக்கம் செய்கின்றன: கிங், ராயல், ஜென்டூ, தெற்கு ராக்ஹாப்பர். இவற்றுள் ராயல் பென்குயின் மெக்குவாரியிலும் அதை ஒட்டிய சிறு பாறைத் தீவுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் முட்டையிடுவதில்லை. வெண்மையான கன்னம், நெற்றியிலிருந்து பின்னோக்கிச் சரியும் மஞ்சள் கொண்டை, தடித்த செம்பழுப்பு அலகு ஆகியவற்றால் அதை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். செப்டம்பரில் கரையேறத் தொடங்கி அக்டோபரில் இரண்டு முட்டைகள் இடும். முதல் முட்டை சிறியது. அதைத் தாய்ப் பறவை பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பெரிதான இரண்டாவது முட்டையை மட்டும் ஏறத்தாழ 35 நாள்கள் அடைகாக்கும். ஆகவே டிசம்பரில் நீங்கள் பார்க்கப்போவது தாய் தந்தையின் காலடியில் ஒண்டியிருக்கும் குஞ்சுகளையும், அவற்றுக்கு இரை கொணரக் கடலுக்கும் கூட்டுக்கும் ஓயாமல் நடக்கும் பறவைகளையும்தான். சாண்டி பே என்ற கடற்கரையிலிருந்து மேட்டில் உள்ள ராயல் கூட்டம் வரை மரப்பலகைப் பாதை அமைத்திருக்கிறார்கள். பென்குயின்கள் தமக்கென்று பழக்கமான தடத்தில் வரிசையாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்.

கிங் பென்குயினின் வாழ்க்கை வேறு விதமானது. ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமும் 12 முதல் 15 கிலோ எடையும் உள்ள இந்தப் பறவை கூடு கட்டுவதே இல்லை. ஒரே ஒரு முட்டையைத் தன் பாதங்களின்மேல் ஏந்தி, அடிவயிற்றின் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு, இணையோடு முறைவைத்து 54 நாள் அளவுக்கு நின்றபடியே அடைகாக்கும். குஞ்சு பொரித்து, வளர்ந்து, கடலுக்குப் போகும் வரையிலான ஒரு சுற்றுக்கு 14 முதல் 16 மாதங்கள் ஆகும் என்பதால், ஒரு இணை மூன்றாண்டுகளில் அதிகம் போனால் இரண்டு குஞ்சுகளையே வளர்த்தெடுக்க முடிகிறது. குளிர்காலம் முழுவதும் குஞ்சுகள் கூட்டமாக ஒட்டி நின்று, எப்போதோ ஒருமுறை கிடைக்கும் இரையை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். பழுப்பு நிறக் கம்பளி போர்த்தியது போன்ற அந்தக் குஞ்சுகளைப் பார்த்த முற்கால மாலுமிகள், இவை வேறோர் இனம் என்றே நம்பினார்கள். இந்த நீண்ட சுற்றால் நமக்கு ஒரு நன்மையும் உண்டு. நீங்கள் எந்த மாதம் போனாலும் கிங் பென்குயின்கள் அங்கே இருக்கும். டிசம்பரில் முட்டை ஏந்தி நிற்பவை ஒருபுறமும், சென்ற ஆண்டுக் குஞ்சுகள் பாதி கம்பளியும் பாதி புதிய இறகுமாக நிற்பது மறுபுறமும் காணக் கிடைக்கும்.

படங்கள் காட்டாத இரண்டு செய்திகளை உங்கள் தாயாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒன்று வாடை. கருவாட்டுக் கடையையும் கழுவாத கோழிக்கூட்டையும் ஒன்றாகச் சேர்த்தால் எப்படியோ அப்படி இருக்கும். காற்று நம் பக்கம் வீசினால் கப்பலில் இருக்கும்போதே தெரியும். பத்து நிமிடத்தில் பழகிவிடும். மற்றொன்று ஒலி. நாதசுரக்காரர்கள் கச்சேரிக்கு முன் சீவாளியைப் பொருத்தி ஊதிப் பார்ப்பார்கள் அல்லவா, அப்படி ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் ஊதிப் பார்த்தால் எழும் ஒலி அது. அதற்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கடலிலிருந்து திரும்பும் கிங் பென்குயின் தன் குஞ்சைக் கண்ணால் தேடி அடையாளம் காண்பதில்லை, குரலால்தான் கண்டுகொள்கிறது. கழுத்தை நீட்டி ஒருமுறை அழைக்கும், சற்று நிற்கும், நான்கு அடி நடந்து மீண்டும் அழைக்கும். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைக் கூட்டத்தில் தன் தாயின் குரலை மட்டும் பிரித்தறிந்து திரும்பிப் பார்க்கும் சிறுவனைப் போல, எங்கோ ஒரு பழுப்புக் குஞ்சு தலையை நிமிர்த்தி விடை சொல்லும். வேறு குஞ்சுகள் குறுக்கே வந்து கெஞ்சினாலும் அது அவற்றுக்கு இரை ஊட்டுவதில்லை. இந்தத் தேடல் முடிந்து, ஒரு தாயும் குஞ்சும் சேர்வதை முழுதாகப் பார்க்க எனக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. அந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றுள் அதற்கு மேலான ஒன்றில்லை.

இதை விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீவில் கிடைக்கும் நேரம் மிகச் சொற்பம். பெரும்பாலான பயணத் திட்டங்கள் மெக்குவாரிக்கு ஒன்று அல்லது இரண்டு நாள்களையே ஒதுக்குகின்றன; அவற்றிலும் தரையில் நிற்பது சில மணி நேரமே. மக்கள் செய்யும் பெரிய தவறு, அந்த நேரத்துக்குள் கரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து எல்லாவற்றையும் படம் எடுத்துவிட முயல்வது. நடந்துகொண்டே இருப்பவரைக் கண்டு பென்குயின் விலகும். அசையாமல் நிற்பவரிடம் தானே வரும். பென்குயினிடமிருந்து நாம் ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அந்த விதி பென்குயினைக் கட்டுப்படுத்தாது. நாம் ஓரிடத்தில் அமைதியாக நின்றால், கால் மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று கிங் பென்குயின்கள் நம்மை நோக்கி நடந்து வந்து, தலையைச் சாய்த்து நம் காலணியை ஆராயும். அப்போது கையை நீட்டக்கூடாது, தொடக்கூடாது. அவற்றின் வழி அடைபட்டிருந்தால் மட்டும் மெல்லப் பின்வாங்க வேண்டும். முழங்கால் வலியுள்ள உங்கள் தந்தைக்கு இது நல்ல செய்தி. அவர் மேட்டுக்கு ஏறவே வேண்டியதில்லை.

இறகு உதிர்க்கும் பறவைகளிடம் கூடுதல் கவனம் தேவை. பென்குயின் ஆண்டுக்கு ஒருமுறை தன் இறகுகள் அனைத்தையும் ஒரே தவணையில் உதிர்த்துப் புதுப்பிக்கிறது. அந்த மூன்று நான்கு வாரங்களில் அதன் உடலில் நீர் புகாத மேற்பூச்சு இல்லாததால் கடலில் இறங்க முடியாது. சேர்த்து வைத்த கொழுப்பை மட்டுமே நம்பிப் பட்டினி கிடக்கும். கிழிந்த தலையணை போல், அசைய மனமில்லாமல் நிற்கும் பறவையைப் பார்த்தால் அது நோயுற்றது என்றோ படத்துக்கு அழகில்லை என்றோ எண்ணிவிட வேண்டாம். அதை இரண்டடி நகரச் செய்தாலும், ஈடு செய்ய வழியில்லாத சேமிப்பிலிருந்து நாம் எடுப்பதாகவே பொருள்.

கட்டுப்பாடுகள் ஏன் இத்தனை கடுமையாக இருக்கின்றன என்பதைத் தீவின் வரலாறு தெரிந்தால்தான் உணர முடியும். 1810ஆம் ஆண்டில் சீல் வேட்டைக்காரர்களின் கண்ணில் பட்டது இந்தத் தீவு. சில ஆண்டுகளிலேயே மென்மயிர் சீல்கள் அழிந்துபோயின. பிறகு எண்ணெய்க்காக யானைச் சீல்கள் கொல்லப்பட்டன. 1890 வாக்கில், நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரைச் சேர்ந்த ஜோசப் ஹாட்ச் என்ற வணிகர், பெரிய நீராவிக் கொப்பரைகளை நிறுவிப் பென்குயின்களை வேகவைத்து எண்ணெய் எடுக்கத் தொடங்கினார். ஒரு பறவைக்குக் கிடைத்தது ஏறத்தாழ அரை லிட்டர் எண்ணெய். அரை லிட்டர் எண்ணெய்க்கு ஓர் உயிர். 1911இல் தன் ஆய்வுப் பயணத்துக்காக இங்கே ஒரு முகாமை அமைத்த ஆஸ்திரேலிய அண்டார்டிக் ஆய்வாளர் டக்ளஸ் மாசன், பின்னாளில் இந்தத் தொழிலை நிறுத்தக் கடுமையாகப் போராடினார். 1919இல் அரசு ஹாட்சின் உரிமத்தைத் தொடர மறுத்தது. 1933இல் தீவு விலங்குச் சரணாலயம் ஆயிற்று. 1997இல் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது.

பறவைகளின் துன்பம் அத்துடன் தீரவில்லை. பூனையும் எலியும் கப்பல்களோடு வந்திருந்தன. முயல்களை வேட்டைக்காரர்கள் உணவுக்கென்று கொண்டுவந்து விட்டார்கள். பூனைகள் 2000ஆம் ஆண்டளவில் ஒழிக்கப்பட்டன, ஆனால் முயல்கள் பெருகிச் சரிவுகளின் புல்லை வேரோடு தின்றன. 2006இல், புல் இழந்த மலைச்சரிவு ஒன்று லூசிடானியா பே பகுதியில் பென்குயின் குடியிருப்பின்மேல் சரிந்து பல பறவைகளைப் புதைத்தது. அதன் பிறகு ஏறத்தாழ 2.5 கோடி ஆஸ்திரேலிய டாலர் செலவில், ஹெலிகாப்டரிலிருந்து நச்சு உணவு தூவியும், எஞ்சிய முயல்களைப் பயிற்சி பெற்ற நாய்களைக் கொண்டு மேடு பள்ளமெல்லாம் தேடியும், 2014இல் முயல், எலி, சுண்டெலி மூன்றும் அற்ற தீவாக அதை அறிவித்தார்கள். இன்று நீங்கள் அங்கே இடுப்பளவு புல்லையும், முட்டைக்கோஸ் போன்ற பேரிலைச் செடிகளையும் பார்த்தால், அவை அந்த உழைப்பின் விளைவு.

எனவே, கரையிறங்குவதற்கு முதல் நாள் கப்பலில் ஒரு சோதனை நடக்கும். காலணியின் அடிப்பகுதி, சட்டைப் பைகளின் மூலைகள், கேமரா பையின் மடிப்புகள், வெல்குரோ பட்டைகள் எல்லாவற்றையும் தூசி உறிஞ்சும் கருவியாலும் இடுக்கியாலும் சுத்தம் செய்யச் சொல்வார்கள். என் பையின் வெல்குரோவில் மூன்று ஒட்டுப்புல் விதைகள் அகப்பட்டன. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே உள்ள திடலில் நாளும் என் கால்சட்டையில் ஒட்டும் அதே புல். நம் வெப்பநிலப் புல் அங்கே முளைக்காமல் போகலாம். ஆனால் வழியில் நியூசிலாந்தில் ஒட்டிய விதை முளைத்துவிடும். இயன்றால் காலணியையும் பையையும் புதிதாகவே வாங்குங்கள். உங்கள் தாயார் முறுக்கு, ஊறுகாய் கட்டிக் கொடுப்பவரானால், நியூசிலாந்து விமான நிலையத்தில் உணவுப்பொருள் ஒவ்வொன்றையும் அறிவித்தே தீர வேண்டும். தவறினால் அந்த இடத்திலேயே அபராதம். தீவின் கரைக்கு எந்த உணவும் கொண்டுபோக அனுமதியில்லை. சைவ உணவு வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

அண்மைக் காலத்தில் பறவைக் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. கொடிய எச்5என்1 வகை 2023இல் தெற்கு ஜார்ஜியாவையும், 2024இல் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள குரோசே, கெர்கலென் தீவுகளையும் எட்டியது. நோய் ஓரிடத்திலிருந்து வேறிடத்துக்குக் காலணியில் போய்விடக்கூடாது என்பதால், ஏறும்போதும் இறங்கும்போதும் கிருமிநாசினியில் காலணியை நனைக்கச் செய்கிறார்கள். இதே காரணத்துக்காகத் தரையில் உட்காரவும், மண்டியிடவும், பையைக் கீழே வைக்கவும் பல கப்பல்களில் தடை இருக்கிறது. உங்கள் தந்தையால் எவ்வளவு நேரம் உட்காராமல் நிற்க முடியும் என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். மடக்கு நாற்காலிக்கு அனுமதி கிடைக்கும் என்று எண்ணிப் போக வேண்டாம்.

இனி உடல்நலம். தீவில் துறைமுகமும் இல்லை, விமான ஓடுதளமும் இல்லை. கப்பலிலிருந்து சோடியாக் எனப்படும் ரப்பர் படகில் இறங்கி, அதன் காற்றடைத்த விளிம்பில் அமர்ந்து, கரைக்கு அருகே கணுக்கால் அளவு அலையில் கால் வைத்து இறங்க வேண்டும். படகோட்டியும் நீங்களும் ஒருவர் முன்கையை மற்றவர் பற்றிக்கொள்ளும் பிடியைக் கப்பலிலேயே கற்றுத் தருவார்கள். கப்பல் ஏணியின் படிகளில் கைப்பிடியுடன் ஏறி இறங்க முடிந்த ஒருவரால் இதைச் செய்ய இயலும். அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் தந்தை மின்தூக்கியைத் தவிர்த்து மூன்று மாடிகளாவது படியில் இறங்கிப் பழகட்டும். முழங்காலுக்கு ஏறுவதைவிட இறங்குவதே கடினம் என்பதால், முடியுமா முடியாதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். மருத்துவரிடம் பயண விவரத்தைச் சொல்லி, குமட்டலுக்கான மருந்தையும் அவர் பரிந்துரைத்தபடி வாங்கிக்கொள்ளுங்கள். ஐம்பது பாகை அட்சரேகைக் கடல் மிகவும் முரடானது. குமட்டல் தொடங்கிய பிறகு மாத்திரை போட்டால் பெரிதும் பயன் தராது. பயணக் காப்புறுதியில் நடுக்கடலிலிருந்து மருத்துவ மீட்புக்கான தொகை அடங்கியிருக்கிறதா என்று வரி வரியாகப் படியுங்கள். மருத்துவமனை அங்கிருந்து சில நாள் தொலைவில் இருக்கிறது.

குளிரைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். கோடையில் வெப்பநிலை பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு பாகை செல்சியஸ் வரை இருக்கும். ஆண்டில் 300 நாள்களுக்கு மேல் மழையோ பனியோ பெய்யும் இடம் என்பதால், தடித்த குளிர்ச்சட்டையைவிட, நீர் புகாத மேற்சட்டையும் கால்சட்டையும்தான் முக்கியம்.

செலவுக்குத் தகுமா என்று கேட்டீர்கள். ஒருவருக்கே ஐந்திலக்க வெள்ளி ஆகும். அத்தனை செலவழித்த பிறகும், காற்று பலத்தால் கரையிறங்கும் நேரம் ரத்தாகலாம். எங்களுக்கு முதல் நாள் முழுவதும் அப்படித்தான் போயிற்று. கப்பல் தீவைச் சுற்றிக் காத்திருந்தது, மறுநாள் காலைதான் படகு இறங்கியது. எங்களுக்குப் பயணச்சீட்டு விற்ற முகவர் "கரையிறங்குவது உறுதி" என்று சொல்லியிருந்ததால், எங்களுடன் வந்த ஒரு தம்பதியர் அந்த நாளை மிகுந்த மனக்கசப்போடு கழித்தார்கள். அப்படி உறுதி கூறும் யாரையும் நம்பாதீர்கள். பதிவு செய்யும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மெக்குவாரிக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள், காற்றால் ஒரு நாள் வீணானால் காத்திருக்கக் கூடுதல் நேரம் உண்டா, ஒரே நேரத்தில் எத்தனை பேர் கரையில் இருப்பார்கள். இந்தப் பதில்களில் நிறைவு ஏற்படாவிட்டால், அறை எவ்வளவு ஆடம்பரமாக இருந்தாலும் அந்தக் கப்பல் உங்கள் தாயாருக்கு ஏற்றதல்ல.

மண்டாய்ப் பூங்கா இந்தப் பயணத்துக்கு மாற்று ஆகாது, ஆனால் நல்ல முன்தயாரிப்பு. அங்கே 2023இல் திறக்கப்பட்ட பேர்ட் பேரடைஸ் பறவைப் பூங்காவில் கிங் பென்குயின்களைக் கண்ணாடிக்கு மிக அருகில் காணலாம். நீருக்கு அடியில் அது பறப்பதுபோல் நீந்துவதைத் தீவில் நாம் பார்க்க முடியாது. இங்கே தெளிவாகப் பார்க்கலாம். தாயாரை ஒரு வார நாளில் அழைத்துச் சென்று, ஒரே ஒரு பறவையை மட்டும் அரைமணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். அது அவருக்குச் சலிக்கவில்லை என்றால், மெக்குவாரிக்குத் துணிந்து பதிவு செய்யலாம்.

கடைசியாக, உங்கள் தந்தைக்கு முழங்கால் ஒத்துழைக்காத நாளுக்கும் ஒரு வழி இருக்கிறது. லூசிடானியா பேயில் யாரும் கரையிறங்க அனுமதியில்லை; எல்லோரும் சோடியாக்கில் அமர்ந்தபடியே கரையோரம் வலம் வர வேண்டும். படகின் இயந்திரத்தை நிறுத்தியதும் கிங் பென்குயின்கள் பத்திருபதாக நீந்தி வந்து, படகைச் சுற்றித் தலையை உயர்த்திப் பார்க்கும். கரையில், பல்லாயிரக்கணக்கான பறவைகளின் நடுவே, ஹாட்சின் கொப்பரைகள் துருப்பிடித்து நிற்கின்றன. அவற்றைச் சுற்றி ஓர் அடி இடம்கூட விடாமல் பென்குயின்கள் நின்றுகொண்டு, முட்டையை ஏந்தியபடி இணைக்காகக் காத்திருக்கின்றன. கடல் இடம் கொடுத்தால், உங்கள் பெற்றோர் இருவரையும் அந்தப் படகில் இடப்பக்கமாக உட்கார வையுங்கள். நாங்கள் போனபோது வடக்கிலிருந்து தெற்காகக் கரையை ஒட்டி வந்த எங்கள் படகுக்கு வலப்புறமே கரை இருந்ததால், எதிரே இடப்பக்கம் அமர்ந்தவர்களே கழுத்தைத் திருப்பாமல் அனைத்தையும் நேராகப் பார்த்தார்கள்.